மதுவும் முதுமையும் மூளைப் படமும்: இந்த ஆராய்ச்சிக்குள் நுழைய நினைப்பவர்களுக்கு

மூளையை எம்ஆர்ஐயில் படம் எடுத்து ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிற மாணவர்கள் முதலில் கேட்பது "எந்த மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும்?" என்பதுதான். மென்பொருள் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஒரு மனிதர் 40 வருடமாக எவ்வளவு குடித்தார், எப்போது கூடியது, எப்போது நிறுத்தினார், திரும்ப எப்போது தொட்டார் என்பதை அவர் வாயாலேயே, அவரைக் கூச வைக்காமல், ஓரளவுக்குச் சரியாகக் கேட்டு எழுதுவது அவ்வளவு சீக்கிரம் வராது. ஸ்கேன் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கை 60 வருடம் நீளம். இந்தத் துறையில் நிலைக்கிறவர்கள் அந்த 60 வருடத்தை மதிக்கிறவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்ளுங்கள்

வயதானால் மூளை சுருங்கும். நெடுநாள் அதிகமாகக் குடித்தாலும் சுருங்கும். போதாததற்கு இரண்டுமே நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதியை நன்றாகவே தொடுகின்றன. அப்படியானால் 65 வயதுக் குடிநோயாளி ஒருவரின் படத்தில் தெரிகிற சுருக்கத்தில் வயதின் பங்கு எவ்வளவு, மதுவின் பங்கு எவ்வளவு? இன்னும் கூர்மையாகக் கேட்டால், மது தன் பங்குக்கு ஒரு சேதத்தைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறதா, அல்லது மூப்பின் வேகத்தையே கூட்டிவிடுகிறதா? இந்த இரண்டும் ஒன்றல்ல. வயதோடு மூளையின் அளவு குறைவதைக் குடிக்காதவருக்கு ஒரு கோடும் குடிநோயாளிக்கு ஒரு கோடுமாக வரைந்தால், முதலாவதில் இரண்டு கோடுகளும் இடைவெளி மாறாமல் சேர்ந்து இறங்கும். இரண்டாவதில் வயது ஏற ஏற இடைவெளி விரியும். ஒரு காகிதத்தில் இந்த இரண்டு படத்தையும் கையால் வரைந்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். நான் சொல்கிற மற்ற எல்லாமே இந்தப் படத்தைச் சுற்றித்தான்.

அடுத்து மூன்று ஆய்வுகளைத் தேடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எதை எத்தனை முறை அளந்திருக்கிறார்கள்?

ஒன்று, 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்கிற வைட்ஹால் 2 குழுவை வைத்துச் செய்த ஆய்வு. 550 பேர், 30 வருடம். குடிப்பழக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், ஆனால் எம்ஆர்ஐ எடுத்தது கடைசியில் ஒரே முறை. வாரத்துக்கு 14 முதல் 21 யூனிட் (ஒரு யூனிட் 8 கிராம் சுத்த ஆல்கஹால்) வரை, அதாவது "மிதமாக" என்று பலரும் நினைக்கிற அளவில் குடித்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் வலது பக்கத்தில் சுருங்கியிருக்கிற வாய்ப்பு குடிக்காதவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. இரண்டு, 2022-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது: பிரிட்டனின் பெரிய சுகாதாரத் தரவுத் தொகுப்பான யூகே பயோபேங்கிலிருந்து 36,678 பேர். எண்ணிக்கை மலைக்க வைக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு படம்தான். 50 வயதில் தினமும் 1 யூனிட் குடிப்பவருக்கும் 2 யூனிட் குடிப்பவருக்கும் மூளையில் தெரிகிற வித்தியாசம், 2 வருட மூப்புக்குச் சமம் என்று அதிலிருந்து சொன்னார்கள். கவனியுங்கள், அது ஓர் ஒப்பீடு. யாருடைய மூளையும் 2 வருடம் வேகமாக மூத்ததை அங்கே யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மூன்றாவது, ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த எடித் சல்லிவன், அடால்ஃப் ஃபெஃபர்பாம் குழு 2018-இல் ஜாமா சைக்கியாட்ரியில் வெளியிட்டது. மது சார்புநோய் உள்ள 222 பேர், ஒப்பீட்டுக்கு 199 பேர், 14 வருடத்தில் 826 ஸ்கேன். ஆட்கள் குறைவு, ஆனால் பலரைத் திரும்பக் கூப்பிட்டுத் திரும்பப் படம் எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் அந்த இடைவெளி வயதோடு விரிகிறது என்பதையும், வயதான பிறகு குடிநோய்க்குள் விழுந்தவர்களுக்கும் அது நடக்கிறது என்பதையும் அவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தப் பொறுமைதான்.

எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறைக்குள் வருகிறவருக்கு இதைவிட நல்ல முதல் மாதப் பாடம் கிடையாது.

படத்தைக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள்

எண்களுக்குப் போவதற்கு முன்னால் நூறு மூளைகளையாவது வெறும் கண்ணால் பாருங்கள். ஓயாசிஸ், காம்-கேன் போன்ற திறந்த தரவுத் தொகுப்புகளில் விண்ணப்பித்துப் படங்களைப் பெறலாம். காம்-கேனில் 18 வயதிலிருந்து 88 வரை இருக்கிறார்கள். ஒரு 25 வயது மூளையையும் ஒரு 80 வயது மூளையையும் திரையில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் கருப்பாகத் தெரிகிற அறைகளைப் பாருங்கள். இளையவருக்கு மெல்லிய பிறைபோல இருக்கும், முதியவருக்கு உப்பியிருக்கும். ஓரத்தில் மடிப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் இளையவருக்கு ஒட்டிக்கிடக்கும், முதியவருக்கு விலகி, இடையில் திரவம் தேங்கிக் கருங்கோடுகளாகத் தெரியும். அப்புறம் திரவத்தின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கிற ஃப்ளேர் வகை எம்ஆர்ஐ படத்தைத் திறந்தால், அந்த அறைகளின் முனைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். சிறு இரத்தக்குழாய்கள் நலிவதன் அடையாளமாகப் பெரும்பாலும் இவற்றை எடுத்துக்கொள்வார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக இருக்கும்.

மதுவுக்கென்று பார்க்கவேண்டிய இடங்கள் தனியாக உண்டு. சிறுமூளையின் நடுப்பகுதி, குறிப்பாக அதன் மேல்முனை, வற்றியிருக்கிறதா? தயமின் (வைட்டமின் பி1) குறைபாட்டால் அடிபடுகிற, மூளையின் அடியில் உள்ள மாமிலரி முடிச்சுகள் சிறுத்திருக்கின்றனவா? இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கிற கார்ப்பஸ் கலோசம் மெலிந்திருக்கிறதா? இதெல்லாம் ஒரு நாளில் பிடிபடாது. மூளைப் படங்களைப் படித்துச் சொல்கிற ஒரு கதிரியல் மருத்துவர் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது போய் உட்காருங்கள்.

மென்பொருள் விஷயத்துக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். ஃப்ரீசர்ஃபர், எஃப்எஸ்எல், எஸ்பிஎம், ஏஎஃப்என்ஐ நான்கும் இலவசம், நான்கிலும் நல்ல பாடங்கள் கிடைக்கின்றன. உங்கள் ஆய்வகம் எதைப் பயன்படுத்துகிறதோ அதையே கற்றுக்கொள்ளுங்கள். பைத்தான் அல்லது ஆர், இரண்டில் ஒன்று சரளமாக வரவேண்டும். தரவை முதல் நாளிலிருந்தே பிட்ஸ் (BIDS) என்கிற, மூளைப் படக் கோப்புகளுக்கான பொது அமைப்பில் அடுக்கிவைத்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பது எப்படி

இந்தப் பகுதியைத்தான் நான் நிறைய எழுதப்போகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நான் ஆரம்ப காலத்தில் பேட்டி எடுத்த ஒரு முதியவரை மறக்கவே முடியாது. "தினமும் ஒரு கிளாஸ்தான் தம்பி, அதற்கு மேல் தொடமாட்டேன்" என்றார். பொய் சொல்லுகிற முகம் இல்லை. படிவத்தில் 1 என்று எழுதினேன். என்னோடு இருந்த மூத்த ஆராய்ச்சி உதவியாளர் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், மூன்று அளவில் கண்ணாடிக் கோப்பைகளும் ஒரு ஜாடித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். "ஐயா, உங்கள் வீட்டுக் கிளாஸ் இதில் எது மாதிரி இருக்கும்? வழக்கமாக எவ்வளவு ஊற்றுவீர்களோ அவ்வளவு ஊற்றிக் காட்டுங்கள்." அவர் பெரிய கோப்பையை எடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, பழகிய கையாக முக்கால் பாகத்துக்கு ஊற்றினார். உதவியாளர் அதை அளவுக்குவளையில் கவிழ்த்தார். அவர் குடிப்பது ஒயின். கணக்குப் பார்த்தால் அந்த "ஒரு கிளாஸ்" ஏறத்தாழ மூன்றுக்குச் சமம். அவருக்கே அதிர்ச்சி. அன்றிலிருந்து கோப்பையும் தண்ணீரும் இல்லாமல் நான் ஒரு பேட்டிகூட எடுத்ததில்லை.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "ஒரு டிரிங்க்" என்பது உலகம் முழுக்க ஒன்றல்ல. அமெரிக்காவில் 14 கிராம் சுத்த ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், பிரிட்டனின் ஒரு யூனிட் 8 கிராம். இரண்டு நாட்டுத் தரவைச் சேர்க்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டு, முழுப் பகுப்பாய்வையும் திரும்பச் செய்தவர்களை எனக்குத் தெரியும். எப்போதும் கிராமுக்கு மாற்றி எழுதிவையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் கேள்வித்தாளில் 10 கேள்விகள் இருக்கின்றன, 40-க்கு மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கவேண்டிய குடி என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல கருவி. ஆனால் அது பெரும்பாலும் கடந்த ஒரு வருடத்தைத்தான் கேட்கிறது. 30 வயதிலிருந்து 50 வரை மொடாக்குடியாக இருந்துவிட்டு இப்போது தொடாமல் இருக்கிறவர் அதில் ஒழுங்கானவராகத் தெரிவார். எனவே அதை மட்டும் நம்பாதீர்கள். அண்மைக் காலத்துக்கு நாள்காட்டியை முன்னால் வைத்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போகிற டைம்லைன் ஃபாலோபேக் முறை இருக்கிறது. முழு வாழ்க்கைக்கு வாழ்நாள் குடி வரலாற்றுப் பேட்டி இருக்கிறது. அதில் வயதைக் கேட்காதீர்கள், கட்டத்தைக் கேளுங்கள்: முதல் வேலை கிடைத்தபோது எப்படி, கல்யாணத்துக்குப் பிறகு எப்படி, பிள்ளை பிறந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, துணையை இழந்த வருடத்தில். மனிதர்கள் வருடங்களை மறப்பார்கள், வாழ்க்கையின் திருப்பங்களை மறக்கமாட்டார்கள். குடித்தால் மட்டும் உடம்பில் உண்டாகிற ஃபாஸ்ஃபாட்டிடைல்எத்தனால் என்ற பொருளை இரத்தத்தில் பார்த்தால் கடந்த சில வாரங்களின் குடியைக் கணிக்கலாம், வாய்மொழியோடு ஒத்துப் பார்க்க அது உதவும். ஆளைச் சிக்கவைக்க அதைப் பயன்படுத்தினால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

"குடிப்பதே இல்லை" என்று சொல்பவர்களை இரண்டாகப் பிரியுங்கள். வாழ்நாளில் தொடாதவர் ஒரு வகை. உடம்பு கெட்டதால் நிறுத்தியவர் இன்னொரு வகை. இவர்களை ஒரே கூடையில் போட்டால், கொஞ்சமாகக் குடிப்பவர் குடிக்காதவரைவிட ஆரோக்கியமாகத் தெரிவார். மிதமான மது நல்லது என்று பல காலம் ஓடிய பேச்சில் கணிசமான பங்கு இந்தக் குழப்பத்தினால் வந்தது. முதியவர்களை ஆராய்கிற நமக்கு இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் வயது ஏற ஏற மருத்துவர் சொல்லி நிறுத்தியவர்கள் பெருகிக்கொண்டே போவார்கள்.

வயதான உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதே அளவு குடித்தாலும் 70 வயதுக்காரரின் இரத்தத்தில் ஆல்கஹால் 30 வயதுக்காரரைவிடக் கூடுதலாக ஏறும். அவர் சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும். புகை, தலையில் பட்ட அடி, ஹெப்படைட்டிஸ் சி, கல்லீரல் நிலை, படித்த வருடங்கள், இதில் ஒன்றைக் கேட்காமல் விட்டாலும் பின்னால் ஒரு மதிப்பாய்வாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

ஸ்கேன் அறையில்

3 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 60,000 மடங்கு. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய அறுவை சிகிச்சையில் போட்ட கிளிப் என்று முதியவர்களின் உடம்பில் உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம். பாதுகாப்புப் படிவத்தை அவரே நிரப்பட்டும் என்று விடாமல், வாய்விட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிந்தால் வீட்டில் உள்ளவரிடமும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஸ்கேன் வேண்டாம். அதில் பேச்சுக்கே இடமில்லை.

தலை அசைந்தால் படம் மங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மங்கியது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன அசைவுகூட, சாம்பல் நிறப் பொருளை உள்ளதைவிட மெல்லியதாகக் காட்டிவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. முதியவர்கள் கூடுதலாக அசைவார்கள், குடிநோயிலிருந்து மீள்பவர்களுக்கு நடுக்கம் இருக்கலாம். ஆக நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கிற "சுருக்கம்" வெறும் அசைவாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. அதனால் இடுப்புக்கும் முட்டிக்கும் நல்ல தலையணை, போர்வை, ஸ்கேனுக்கு முன் கழிவறை, இவை உங்கள் முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிற விஷயங்கள். ஒவ்வொரு படத்தையும் வந்த உடனே, அவர் இன்னும் உள்ளே படுத்திருக்கும்போதே, திறந்து பாருங்கள். குளத்தில் கல் எறிந்தாற்போல் வளைய வளையமாகத் தெரிந்தால் அசைவு. மைக்கில் "இருமல் வந்ததா? பரவாயில்லை, ஒரு நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு இன்னொரு முறை எடுக்கலாமா?" என்று கேளுங்கள். நாளைக்குத் திரும்பக் கூப்பிடுவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

குடியை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் கட்டாயம் குறித்துவையுங்கள். 1978-லேயே சிடி ஸ்கேனை வைத்து, குடியை நிறுத்தியவர்களில் சிலருக்கு மூளைச் சுருக்கம் ஓரளவு திரும்புவதைக் காட்டிவிட்டார்கள். அந்த மீட்சி முதல் சில வாரங்களிலேயே கணிசமாக நடக்கிறது. 5-ஆம் நாளில் ஒருவரையும் 60-ஆம் நாளில் இன்னொருவரையும் ஸ்கேன் செய்து ஒரே குழுவில் சேர்த்தால் கணக்கு கலங்கிவிடும். மூளை இப்படி மீளும் என்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த உண்மை, வருகிறவர்களிடமும் அதை மறக்காமல் சொல்லுவேன்.

எம்ஆர்ஐயோடு நின்றுவிடாதீர்கள். கண்ணை மூடி, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியைத் தொடும்படி வைத்து நிற்கச் சொல்லுங்கள், விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சிறுமூளை அடிபட்டவர்களுக்கு இதில் தடுமாற்றம் தெரியும். வயதானவருக்கு விழுவது என்பது எலும்பு முறிவு, படுக்கை. படத்தில் நீங்கள் அளக்கிற சில கன சென்டிமீட்டர் அவர் வாழ்க்கையில் என்னவாக இருக்கிறது என்பதை இது காட்டும்.

புள்ளியியலில் கை சுடாமல்

2020-இல் நேச்சரில் வந்த ஒரு ஆய்வில் 70 குழுக்களுக்கு ஒரே எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டுகிற எம்ஆர்ஐ) தரவைக் கொடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை, பல கேள்விகளுக்குப் பதில்களும் மாறின. எனவே தரவைத் திறப்பதற்கு முன்பே எந்தப் பகுதி, எந்த அளவீடு, எந்த மாடல் என்று எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். தலையின் மொத்த அளவுக்குத் திருத்தம் செய்யாமல் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடாதீர்கள். நெடுங்கால ஆய்வின் நடுவில் ஸ்கேனர் மாறினால், சிலரைப் பழையதிலும் புதியதிலும் இரண்டு முறை எடுத்து வித்தியாசத்தை அளந்துவையுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் மாறியதை மூப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

ஆட்கள், பணம்

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கடைசி ஐந்து பேப்பரைவிட, அவரிடமிருந்து போன கடைசி ஐந்து மாணவர்களிடம் பேசுங்கள். 3 வருட பிஎச்டிக்குள் நீங்களே ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கி முடிக்க முடியாது, அதனால் ஏற்கனவே 10 வருடமாக ஆட்களைப் பின்தொடர்கிற குழுவில் சேர்வதுதான் புத்திசாலித்தனம். பிஎச்டிக்குப் பிந்தைய போஸ்ட்டாக் காலத்தில் உங்களுக்கென்று ஒரு சிறு கேள்வியைத் தனியாகப் பிரித்து எடுங்கள்: தூக்கமா, நடையா, பெண்களின் மாதவிடாய் நிற்கிற காலமா, எதுவானாலும் சரி. இளையவர்கள் பக்கம் ஆர்வம் இருந்தால் மதுவும் வளரும் மூளையும் பற்றிய அமெரிக்காவின் என்கேண்டா ஆய்வு 12 முதல் 21 வயதுள்ள 831 பேருடன் தொடங்கியது, அவர்களும் மூத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள். மிதமான குடி இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க, சுமார் 7,800 பேரை வைத்துத் திட்டமிட்ட மாக் ஆய்வை 2018 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமே நிறுத்தியது. செலவின் பெரும்பகுதி மது நிறுவனங்களிடமிருந்து வருவதாக இருந்தது. அந்தப் பணத்தைக் கேட்டுப் போனவர்கள் மது ஆராய்ச்சிப் பிரிவின் ஆட்களே, அதோடு நல்ல முடிவு வருகிற பக்கமாக ஆய்வை முன்கூட்டியே சாய்த்ததாகவும் விசாரணையில் தெரிந்தது. உங்களுக்கு அப்படி ஒரு காசோலை நீட்டப்பட்டால், எவ்வளவு நெருக்கடியில் இருந்தாலும் வாங்காதீர்கள். குடியால் பிள்ளையையோ துணையையோ இழந்தவர்கள் நம்மை நம்பி அந்த இயந்திரத்துக்குள் படுக்கிறார்கள்.

எழுதும்போது "குடிகாரர்கள்" வேண்டாம். "மது சார்புநோய் உள்ளவர்கள்" என்றோ "குடிநோயிலிருந்து மீள்பவர்கள்" என்றோ எழுதுங்கள். ஸ்கேனில் எதிர்பாராமல் கட்டியோ வேறு ஏதோ தெரிந்தால் யார் பார்ப்பது, யார் அவருக்குச் சொல்வது, எத்தனை நாளுக்குள் என்பதை முதல் ஆள் வருவதற்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்யுங்கள்.

கடைசியாக, திரும்பக் கூப்பிடுவது. ஒவ்வொருவரின் கோப்பிலும் முதல் பக்கத்தில் சிறு குறிப்பு எழுதிவையுங்கள்: எந்தக் காது கேட்காது, எந்த முட்டி வலிக்கும், மூடிய இடத்துக்குப் பயப்படுவாரா, காலையில் வர முடியுமா மாலையிலா, யாரோடு வந்தார். இரண்டு வருடம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிடும்போது, முடிந்தால் முதல் முறை பேட்டி எடுத்தவரே கூப்பிடட்டும். எடுத்த எடுப்பில் குடியைப் பற்றிக் கேட்க வேண்டாம். "போன தடவை முட்டி வலி என்று சொன்னீர்களே, இப்போது எப்படி இருக்கிறது?" என்று ஆரம்பியுங்கள். தேதி குறித்த பிறகு, அந்தத் தேதியை ஒரு காகிதத்திலும் எழுதி வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.